லுவாவுக்கு ஒரு சிஸ்டம் கால் அடுக்கு

எங்களிடம் ஓடிக்கொண்டிருந்த கண்காணிப்பு நிரல் ஒன்று முழுக்க லுவா என்ற சிறு நிரல்மொழியில் எழுதப்பட்டது. ஒரு கோப்பகத்தில் வந்து சேரும் கோப்புகளைக் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளி நிரலைத் தொடங்கி, அதன் வெளியீட்டைப் பைப் (ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் படிக்கத் தரும் குழாய்) வழியே வாங்கிப் பதிவேட்டில் சேர்த்து, முடிவுக் குறியீட்டைச் சரிபார்ப்பதுதான் அதன் வேலை. லுவாவின் அடிப்படை நூலகம் பெரும்பாலும் சி மொழித் தரம் தரும் வசதிகளோடு நின்றுவிடுவதால், ஒரு கோப்பகத்தில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்கக்கூட அதில் வழியில்லை. ஆகவே பழைய நிரல் லுவாஜிட் என்ற லுவா செயலாக்கியின் எஃப்எஃப்ஐ (சி ஃபங்ஷன்களை லுவாவிலிருந்தே அழைக்கும்) வசதியைக் கொண்டு சி நூலகத்தை நேரடியாக அழைத்தது. லுவா 5.4-க்கு மாற வேண்டிய நிலை வந்தபோது அந்த சிஸ்டம் கால் அடுக்கை, அதாவது இயங்குதளத்தின் கருவான கெர்னலிடம் வேலை கேட்கும் பகுதியை மட்டும் சி மொழியில் ஒரு தனி மாட்யூலாக எழுதிச் சேர்த்தேன். அந்த வேலையில் எடுத்த முடிவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இத்தகைய அழைப்புகளை லுவாவுக்குத் தரும் லுவாபாசிக்ஸ் என்ற நல்ல நூலகம் இருக்கும்போது புதிதாக ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அது பரந்து விரிந்தது, பலரும் பயன்படுத்துவது. ஆனால் அதில் ஃபைல் டிஸ்கிரிப்டர், அதாவது திறந்த கோப்புக்குக் கெர்னல் தரும் அடையாள எண், வெறும் முழு எண்ணாகவே லுவாவுக்குள் வருகிறது. அந்த எண்ணை மூட மறந்தால் கேட்பாரில்லை; இருமுறை மூடினாலும் தடுப்பாரில்லை. எனக்கு வேண்டியது பதினைந்து அழைப்புகளுக்குள் அடங்கும் ஒரு சிறு தொகுப்பு. ஆனால் அதில் ஒவ்வொரு டிஸ்கிரிப்டருக்கும் லுவா அறிந்த ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும். கெர்னலை அழைப்பது ஒரு வரி வேலை. அந்த வரிக்கு முன்னும் பின்னும் கெர்னலின் விதிகளையும் லுவாவை ஓட்டும் ரன்டைமின் விதிகளையும் ஒன்றோடொன்று மோதாமல் வைத்திருப்பதில்தான் உழைப்பு முழுவதும் போகிறது.

பழைய எஃப்எஃப்ஐ அடுக்கைப் படித்தபோது கிடைத்த இரண்டு பிழைகள், அறிவிப்புகள் அடங்கிய சி ஹெடர் கோப்புகளைக் கம்பைலர் படிக்காமல் மனிதர் படித்து நகல் எடுத்தால் என்ன ஆகும் என்பதை நன்றாகக் காட்டின. முதலாவது, கோப்பைத் திறக்கும் ஓப்பன் அழைப்பு. சி மொழியில் அதன் மூன்றாவது அளவுரு, அதாவது அனுமதி பிட்டுகள், மாறும் எண்ணிக்கையிலான அளவுருக்களின் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. லுவாஜிட் அத்தகைய இடத்தில் ஒரு லுவா எண்ணைக் கண்டால் அதை டபுள் (மிதவைப் புள்ளி எண்) ஆகவே அனுப்பும். எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டி 64 பிட் செயலிகள்) விதிப்படி டபுள் மதிப்பு மிதவைப் புள்ளி ரெஜிஸ்டருக்குள் (செயலியின் உள் சேமிப்பிடம்) போகிறது. சி நூலகமோ அனுமதியை ஆர்டிஎக்ஸ் ரெஜிஸ்டரில் தேடுகிறது. அங்கே முந்தைய கணக்கு எதுவோ விட்டுச்சென்ற எச்சம் இருக்கும். எனவே எண்ம (ஆக்டல்) முறையில் 644 என்று கேட்டு உருவாக்கிய கோப்பு, சில சமயம் எவரும் படிக்க முடியாததாகவும் சில சமயம் எவரும் எழுதக்கூடியதாகவும் பிறந்தது. அந்த எண்ணை இன்ட் வகை என்று வெளிப்படையாகச் சொல்லி அனுப்பினால் இது தீரும்; சொல்லாவிட்டாலும் எந்த எச்சரிக்கையும் வராது.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. கோப்பின் விவரங்களைக் கேட்கும் ஸ்டாட் அழைப்பு நிரப்பித் தரும் ஸ்ட்ரக்டின் (புலங்களின் தொகுப்பு) அமைப்பை யாரோ எக்ஸ்86-64 கணினியில் பார்த்து லுவா கோப்புக்குள் கையால் எழுதி வைத்திருந்தார்கள். அந்த அமைப்பில் 16-ஆம் பைட்டில் எட்டு பைட் அகலத்தில் இணைப்பு எண்ணிக்கையும், 24-ஆம் பைட்டில் கோப்பின் வகையும் அனுமதியும் சேர்ந்த மோட் புலமும் இருக்கின்றன. 64 பிட் ஆர்ம் கணினியில் மோட் 16-ஆம் பைட்டிலேயே வந்துவிடுகிறது. 24-ஆம் பைட்டில் இருப்பது உரிமையாளரின் பயனர் எண். ஆகவே ஆர்ம் பலகையில் அந்த நிரல் பயனர் எண்ணைத்தான் மோட் என்று படித்தது. ரூட் பயனருக்குச் சொந்தமான கோப்பு என்றால் அது பூச்சியம். அதாவது, அது கோப்பும் அல்ல, கோப்பகமும் அல்ல. வேடிக்கை என்னவென்றால், கோப்பின் அளவு இரண்டு அமைப்பிலும் 48-ஆம் பைட்டிலேயே இருக்கிறது. அளவை மட்டும் ஒப்பிட்ட சோதனைகள் எல்லாம் அதனால் ஆர்மிலும் வெற்றி பெற்றிருந்தன. போதாக்குறைக்கு, லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியின் 2021-இல் வந்த 2.33 பதிப்புக்கு முன்பு ஸ்டாட் என்ற பெயரே பகிர்வு நூலகத்தில் ஏற்றுமதி ஆவதில்லை. ஹெடர் அதை வேறொரு உள் ஃபங்ஷனாக மாற்றிவிடும். கம்பைலர் இல்லாமல் பெயரை மட்டும் தேடும் எஃப்எஃப்ஐக்கு அது கிடைக்காது. இவ்விரண்டையும் பார்த்தபின், மாறிலிகளையும் ஸ்ட்ரக்ட் அமைப்புகளையும் ஹெடரிலிருந்து கம்பைலரே எடுத்துக்கொள்ளும்படி சி மாட்யூல் எழுதுவது என்ற முடிவில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

சி நூலகத்தையும் தாண்டிக் கெர்னலை நேரடியாக அழைத்தால் என்ன என்ற ஆசை இத்தகைய வேலையில் எவருக்கும் எழும். செய்முறை எளியதுதான். எக்ஸ்86-64-இல் அழைப்பு எண்ணை ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரிலும் அளவுருக்களை ஆறு ரெஜிஸ்டர்களிலும் வைத்து சிஸ்கால் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அக்கட்டளை ஆர்சிஎக்ஸ் ரெஜிஸ்டரில் திரும்பும் முகவரியை எழுதிவிடுவதால், வழக்கமாக அங்கே வரும் நான்காவது அளவுரு மட்டும் ஆர்10-க்கு இடம்பெயர்கிறது. திரும்பி வரும் எண் -4095 முதல் -1 வரை இருந்தால் அது பிழை. சி நூலகம் அதன் குறியை மாற்றி எர்நோ என்ற பிழை எண் மாறியில் போட்டுவிட்டு -1 என்று நமக்குச் சொல்கிறது. ஆனால் எர்நோ நிரப்புவதோடு சி நூலகத்தின் வேலை முடிவதில்லை. 64 பிட் ஆர்மில் ஓப்பன் என்ற அழைப்பே கெர்னலில் இல்லை, ஓப்பன்அட் மட்டுமே உண்டு. அதன் எண் அங்கே 56, எக்ஸ்86-64-இல் 257. நேரம் கேட்கும் அழைப்பைச் சி நூலகம் பெரும்பாலும் கெர்னலுக்குள் நுழையாமலேயே விடிஎஸ்ஓ (கெர்னல் நிரலின் நினைவகத்திலேயே வைத்துத் தரும் சிறு நூலகம்) வழியாக முடித்துவிடுகிறது. பயனர் எண்ணை மாற்றும் அழைப்பு லினக்ஸ் கெர்னலைப் பொறுத்தவரை ஒரு த்ரெடுக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) மட்டுமே உரியது. எல்லா த்ரெடுகளுக்கும் அதைப் பரப்புவது சி நூலகமே. கோ மொழி லினக்ஸில் நேரடி அழைப்பு முறையை வெற்றிகரமாக நடத்தி வருகிறது என்றாலும், மேக்ஓஎஸ்ஸில் அது நிலைக்கவில்லை. 2018-இல் வந்த கோ 1.11-இல் ரன்டைமும், அடுத்த ஆண்டு வந்த 1.12-இல் சிஸ்கால் தொகுப்பும் மேக்ஓஎஸ்ஸின் சொந்த நூலகமான லிப்சிஸ்டம் வழியே போகும்படி மாற்றப்பட்டன. அவ்வளவு பெரிய குழுவுக்கே அந்த நிலை என்றால் என் பதினைந்து அழைப்புகளுக்குச் சி நூலகமே போதும் என்று அடங்கிவிட்டேன்.

அடுத்தது உரிமை. டிஸ்கிரிப்டரை ஒரு யூசர்டேட்டாவுக்குள் (சி தரவைச் சுமக்கும் லுவா பொருள்) வைத்து, அதன் நடத்தையைச் சொல்லும் மெட்டாடேபிளில் குப்பை சேகரிப்புக்கான (பயன்படாத பொருள்களை விடுவிப்பது) ஃபங்ஷனையும் மூடுவதற்கான ஃபங்ஷனையும் கொடுப்பது என்பது வரை எவரும் யோசிப்பார்கள். எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் கோப்பைத் திறந்து, கிடைத்த எண்ணைப் பிறகு யூசர்டேட்டாவுக்குள் வைப்பதே இயல்பாகத் தோன்றும் வரிசை. ஆனால் யூசர்டேட்டாவுக்கு நினைவகம் கிடைக்காமல் போனால் லுவா பிழை எழுப்பும். அந்தப் பிழை சி மொழியின் லாங்ஜம்ப் மூலம் நம் ஃபங்ஷனின் நடுவிலிருந்து அப்படியே வெளியே தாவிவிடும். கீழே எழுதியிருக்கும் மூடும் வரிக்குக் கட்டுப்பாடு வந்து சேராது. திறந்த டிஸ்கிரிப்டர் எவருக்கும் சொந்தமில்லாமல் கெர்னலின் அட்டவணையில் கிடக்கும். ஆகவே வரிசையைத் திருப்பினேன்: முதலில் யூசர்டேட்டாவை உருவாக்கி, உள்ளே -1 என்று எழுதி, மெட்டாடேபிளை இணைத்து, அதன் பிறகே ஓப்பன்அட் அழைப்பைச் செய்து, கிடைத்த எண்ணை அந்த இடத்தில் எழுதுவது. திறப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் லுவாவின் எந்த ஃபங்ஷனும் இல்லை என்பதால் தாவிச் செல்ல வழியே இல்லை. லுவாவின் சொந்த ஐஓ நூலகமும் கோப்பு கைப்பிடிகளை இதே வரிசையில்தான் உருவாக்குகிறது. மூல நிரலில் அந்தச் சில வரிகளைப் பார்த்தாலே தெரியும்.

குப்பை சேகரிப்பானை மட்டும் நம்பி டிஸ்கிரிப்டர்களை விட்டுவைக்கவும் முடியாது. அது நினைவகத்தின் நெருக்கடியைத்தான் அளக்கிறது. ஒரே ஓர் எண்ணைச் சுமக்கும் யூசர்டேட்டா சில பத்து பைட்டுகளே எடுப்பதால், ஆயிரம் கோப்புகள் திறந்து கிடந்தாலும் அதற்கு எந்த அவசரமும் தெரியாது. பல லினக்ஸ் அமைப்புகளில் ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) திறந்து வைக்கக்கூடிய டிஸ்கிரிப்டர்களின் மென் வரம்பு 1024 என்பதால், சேகரிப்பான் கண்விழிப்பதற்குள் திறப்பதே நின்றுபோகும். 2020-இல் வந்த லுவா 5.4 இதற்கு ஒரு நல்ல விடை தருகிறது: க்ளோஸ் என்று குறித்து அறிவித்த லோக்கல் மாறி, அதன் எல்லை முடியும்போது, பிழையால் முடிந்தாலும் கூட, உடனே மூடப்படும். குப்பை சேகரிப்பானைக் கடைசிக் காவலாக மட்டும் வைத்துக்கொண்டேன்.

மூடும் ஃபங்ஷனில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. யூசர்டேட்டாவில் முதலில் -1 எழுதிவிட்டுப் பிறகே க்ளோஸ் அழைக்க வேண்டும். கெர்னல் எப்போதும் காலியாக உள்ள மிகச் சிறிய எண்ணையே புதிய டிஸ்கிரிப்டருக்குத் தருவதால், இரண்டாவது முறை மூடுவது என்பது பெரும்பாலும் வேறு யாரோ அப்போதுதான் திறந்த கோப்பை மூடுவதாக முடியும். அடுத்து, க்ளோஸ் அழைப்பு சிக்னலால் (ப்ராசஸுக்கு இடையில் வரும் அறிவிப்பு) குறுக்கிடப்பட்டதாகத் திரும்பினால், லினக்ஸில் அதை மீண்டும் அழைக்கக் கூடாது. டிஸ்கிரிப்டர் அதற்குள் விடுவிக்கப்பட்டுவிட்டிருக்கும். மறுமுறை அழைப்பதும் இருமுறை மூடுவதும் ஒன்றே.

பிழைகளைத் தெரிவிக்கும் முறையில் லுவாவின் வழக்கத்தையே பின்பற்றினேன்: நில் (மதிப்பு இல்லை என்பதன் குறி), செய்தி, பிழை எண் என்று மூன்று மதிப்புகள். அளவுருவே தவறு என்றால் மட்டும் லுவா பிழை எழுப்பப்படும். கோப்பு இல்லை, அனுமதி இல்லை என்பன போன்ற வெளியுலகச் செய்திகள் மதிப்புகளாகவே திரும்பும். இங்கே கவனிக்க வேண்டியது, சிஸ்டம் கால் முடிந்த அடுத்த வரியிலேயே எர்நோவை ஒரு லோக்கல் மாறியில் எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது. லுவாவில் ஒரு ஸ்ட்ரிங்கைத் தள்ளுவது கூட நினைவகம் கேட்கலாம், சேகரிப்பானை ஓடவைக்கலாம். சேகரிப்பான் பழைய டிஸ்கிரிப்டர் ஒன்றை மூடலாம். அந்த மூடல் எர்நோவை மாற்றலாம்.

பாதைப் பெயர்களில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. லுவா ஸ்ட்ரிங்குக்குள் பூச்சிய பைட் இருக்கலாம். கெர்னலோ பூச்சிய பைட்டைக் கண்டதும் பெயர் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். லுவா பக்கத்தில் பின்னொட்டைச் சரிபார்த்து அனுமதித்த ஒரு பெயர், கெர்னல் பக்கத்தில் பாதியிலேயே வெட்டுப்பட்டு வேறொரு கோப்பாகிவிடும். ஆகவே நீளத்தையும் சேர்த்து வாங்கி, இடையில் பூச்சியம் இருந்தால் அளவுருப் பிழை எழுப்பும் ஒரு சிறு ஃபங்ஷன் எழுதி, எல்லாப் பாதைகளையும் அதன் வழியாகவே அனுப்பினேன். அதற்கு மேல் பெயரை எந்த வகையிலும் திருத்துவதில்லை. ஒரு கோப்புப் பெயருக்குப் பொதுவான உச்ச நீளம் 255 பைட்டுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிப்புள்ளியும் (யூனிகோடில் தனி எண் பெற்ற குறி) மூன்று பைட்டுகள் என்பதால் தமிழ்ப் பெயருக்கு 85 குறிப்புள்ளிகளே கிடைக்கும். ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறிப்புள்ளியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. வழக்கமான லினக்ஸ் கோப்பு அமைப்புக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். மாட்யூல் நல்லெண்ணத்தோடு ஒன்றை மற்றொன்றாக மாற்றினால், கோப்பகத்தில் கண்ணெதிரே இருக்கும் கோப்பைத் திறக்க முடியாமல் போகும்.

குறுக்கீடுகளைக் கையாள்வதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். ஒரு ரீட் அழைப்பு தரவுக்காகக் காத்திருக்கும்போது சிக்னல் வந்தால், கையாளும் ஃபங்ஷன் எப்படிப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, அழைப்பு ஈஇன்டர் (குறுக்கிடப்பட்டது) என்ற பிழையோடு திரும்பலாம். அதை லுவா நிரல் எழுதுபவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. பைதான் 2015-இல் தன் 3.5 பதிப்பில் இதையே முடிவு செய்தது: குறுக்கீடு வந்தால் ரன்டைமே சிக்னலுக்கான பைதான் ஃபங்ஷனை ஓட்டும், அது பிழை எழுப்பாவிட்டால் அழைப்பை மீண்டும் செய்யும். நானும் அவ்வழியே சென்றேன். சிக்னல் கையாளும் சி ஃபங்ஷனுக்குள் லுவாவைத் தொடக் கூடாது, ஏனெனில் அது வரும் கணத்தில் லுவா நினைவக ஒதுக்கீட்டின் நடுவில் இருக்கலாம். எனவே அது ஒரு கொடியை உயர்த்திவிட்டு, தடுக்காத நிலையில் திறந்த ஒரு பைப்பில் ஒரு பைட்டை எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறது. எர்நோவை முன்பு இருந்தபடியே வைத்துவிட்டும் போகிறது. கொடியை மட்டும் நம்பினால், அதைச் சரிபார்த்ததற்கும், டிஸ்கிரிப்டர்களில் ஏதேனும் ஒன்று தயாராகும் வரை காத்திருக்கும் ‘போல்’ (poll) அழைப்பில் உறங்கப் போவதற்கும் இடையே வரும் சிக்னல் கவனிக்கப்படாமலே போகும். பைப்பில் விழுந்த பைட் அங்கேயே கிடப்பதால் ‘போல்’ உறங்காமல் உடனே திரும்பிவிடும். கணினி அறிஞர் டி. ஜே. பெர்ன்ஸ்டைன் பெயரோடு அறியப்படும் பழைய உத்தி இது; இன்றும் இதைவிடக் குறைந்த சிக்கலோடு எல்லா யூனிக்ஸ்களிலும் வேலை செய்யும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. காலக்கெடு உள்ள ‘போல்’ அழைப்பை மீண்டும் செய்யும்போது, பின்னோக்கி நகராத மோனோடோனிக் கடிகாரத்தைப் பார்த்து மீதி நேரத்தைக் கணக்கிட வேண்டும். இல்லையேல் அடிக்கடி சிக்னல் வரும் ப்ராசஸில் ஐந்து விநாடிக் கெடு முடிவில்லாமல் நீளும்.

எழுதும் பக்கத்தில், கேட்டதைவிடக் குறைவாக எழுதித் திரும்ப ரைட் அழைப்புக்கு முழு உரிமை உண்டு. லினக்ஸ் ஒரே அழைப்பில் 2,147,479,552 பைட்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்வதே இல்லை. தடுக்காத பைப்பில், வழக்கமான 64 கிலோபைட் கொள்ளளவு நிரம்பினாலே பாதியில் நிற்கும். இதற்கு இரண்டு ஃபங்ஷன்கள் வைத்தேன். ஒன்று கெர்னல் சொன்னதை அப்படியே சொல்லும். மற்றொன்று முழுவதையும் எழுதி முடிக்கும். நடுவில் தோற்றால் அதுவரை எவ்வளவு எழுதப்பட்டது என்பதையும் நான்காவது மதிப்பாகத் தரும். அந்த எண் இல்லாமல் மீட்பு நடவடிக்கை எதையும் அழைப்பவரால் எழுத முடியாது.

ப்ராசஸை நகலெடுத்துச் சேய் ப்ராசஸை உருவாக்கும் ஃபோர்க் அழைப்பை லுவாவுக்குத் தருவதில்லை என்று முடிவு செய்தேன். சேய் ப்ராசஸ் பிறந்து எக்ஸெக் (தன் இடத்தில் வேறு நிரலை ஏற்றி ஓட்டும் அழைப்பு) செய்யும் வரை உள்ள இடைவெளியில் லுவா ஓடினால், தாயின் லுவா நிலை முழுவதற்கும் ஒரு நகல் அங்கே இருக்கும். அந்த நகலின் சேகரிப்பான் தாயோடு பகிர்ந்த வளங்களின் மேல் கை வைக்கும். அச்சிடப்படாமல் பஃபரில் இருக்கும் வரிகள் இருமுறை வெளிவரும். ஆகவே நிரலின் பெயர், அளவுருக்கள், மூன்று டிஸ்கிரிப்டர்கள் (உள்ளீடு, வெளியீடு, பிழை) ஆகியவற்றை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சி மொழியிலேயே முடிக்கும் ஸ்பான் ஃபங்ஷன் ஒன்றை மட்டும் கொடுத்தேன். அளவுருப் பட்டியல் முழுவதும் ஃபோர்க்குக்கு முன்பே தயாராகிவிடும். சேய் பக்கத்தில் நினைவக ஒதுக்கீடு எதுவும் கிடையாது. எக்ஸெக் தோற்றால் தாய்க்கு எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு அழகான வழி உண்டு. எக்ஸெக் ஆனதும் தானே மூடிக்கொள்ளும் பைப் ஒன்றை முன்பே திறந்து வைக்கிறோம். எக்ஸெக் வெற்றி பெற்றால் பைப் மூடி, தாய் படிக்கும்போது ஒரு பைட்டும் வராமல் முடிவு மட்டுமே கிடைக்கும். தோற்றால் சேய் தன் எர்நோவின் நான்கு பைட்டுகளை அதில் எழுதிவிட்டு வெளியேறும். நிரல் இல்லை என்ற செய்தி இதனால் பொத்தாம்பொதுவான 127 முடிவுக் குறியீடாக இல்லாமல், உண்மையான பிழை எண்ணாகவே லுவாவுக்கு வந்து சேர்கிறது.

ஒரு டிஸ்கிரிப்டரை வேறோர் எண்ணுக்கு நகலெடுக்கும் டூப்2 அழைப்பில் ஒரு மூலை இருக்கிறது. அது புதிய எண்ணில் உருவாக்கும் டிஸ்கிரிப்டரில் க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் (எக்ஸெக் ஆனதும் மூடச் சொல்லும்) கொடி நீங்கியிருக்கும். ஆனால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாக இருந்தால் அது எதையுமே செய்யாமல் திரும்பும், கொடியும் அப்படியே இருக்கும். தாய் ப்ராசஸ் தன் உள்ளீட்டை மூடிவிட்டுத் தொடங்கியிருந்தால், பைப்பின் முனை உள்ளீட்டுக்கு உரிய 0 என்ற எண்ணையே பெறக்கூடும். அப்போது சேய் உள்ளீடே இல்லாமல் எழுந்திருக்கும். எண்கள் ஒன்றானால் கொடியைக் கைப்படவே நீக்க வேண்டும். அதேபோல் எங்கள் நிரல் சிக்பைப் (படிப்பவர் இல்லாத பைப்பில் எழுதினால் வரும்) சிக்னலைப் புறக்கணிப்பதால், அந்தப் புறக்கணிப்பு எக்ஸெக்கைத் தாண்டியும் சேய்க்குத் தொற்றும்; அதை இயல்பு நிலைக்குத் திருப்பிவிட்டே எக்ஸெக் செய்கிறேன்.

சோதனைக்கு இரண்டு கருவிகள் பெரிதும் உதவின. சிஸ்டம் கால்களைக் கண்காணிக்கும் எஸ்ட்ரேஸ் கருவி நாம் சொல்லும் அழைப்பில், நாம் சொல்லும் முறையில் பிழையைச் செலுத்தித் தரும். மூன்றாவது ரீட் ஈஇன்டர் தர வேண்டும் என்று கட்டளை வரியிலேயே சொல்லலாம். மற்றொன்று லுவாவுக்கு நாமே கொடுக்கும் நினைவக ஒதுக்கி: முதல் ஒதுக்கீட்டில் தோற்பது, அடுத்த ஓட்டத்தில் இரண்டாவதில் தோற்பது என்று, நிரல் முழுதும் வெற்றி பெறும் வரை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கலாம். ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் லுவா நிலையை மூடிவிட்டு, கெர்னலின் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பு அமைப்பில் ப்ராசஸின் சொந்த டிஸ்கிரிப்டர் பட்டியலை எண்ணி, தொடக்கத்தில் இருந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டேன்.

சேய் முடிவதற்காகக் காத்திருப்பதை மட்டும் வேறு விதமாகச் செய்ய நேர்ந்தது. ப்ராசஸின் எண்ணை ‘போல்’ அழைப்பில் சேர்க்க முடியாது. ஆனால் 2019-இல் வந்த லினக்ஸ் 5.3 முதல் பிட்எஃப்டி ஓப்பன் அழைப்பு ஒரு ப்ராசஸையே டிஸ்கிரிப்டராகத் தருகிறது. அது ஏற்கெனவே எழுதிய உரிமை விதிகளுக்குள் அப்படியே பொருந்துகிறது. சிக்னல் பைப்போடும் வெளியீட்டுப் பைப்போடும் ஒரே ‘போல்’ அழைப்பில் காத்திருக்கிறது. இதற்கான ஃபங்ஷன் ஜிலிப்சிக்கு 2022-இன் 2.36 பதிப்பில்தான் வந்தது என்பதால், பழைய பதிப்புகளுக்காக 434 என்ற அழைப்பு எண்ணைக் கொண்டு சிஸ்கால் ஃபங்ஷனை நேரடியாகப் பயன்படுத்தியிருக்கிறேன். மாட்யூல் முழுவதிலும் அழைப்பு எண் ஒன்று எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் அதுதான். எக்ஸ்86-64-இலும் ஆர்மிலும் அந்த எண் ஒன்றே என்பதால் அதற்குத் தனிக் கிளை எதுவும் தேவைப்படவில்லை.